கவிழ்த்து வைத்த குதிரை

பக்கத்துக் கடை அண்ணனுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை என்று ஒரு காலத்தில் தெருவே சொல்லும். மோட்டார் காயில் கட்டுகிற தொழில் அவருக்கு. தண்ணீர் இறைக்கிற மோட்டார், மாவு மில் மோட்டார், வீட்டு மின்விசிறி, எது எரிந்தாலும் அவர் கடை வாசலுக்குத்தான் வரும். "இன்னிக்கே வேணும்" என்று தலைக்கு மேல் நின்று கத்துகிறவர்களிடம்கூட, "நீங்க கத்துனா வார்னிஷ் சீக்கிரம் காயுமா? உட்காருங்க, டீ சொல்றேன்" என்பார். அவ்வளவு நிதானம்.

இப்போது அப்படி இல்லை. யாராவது அருங்காட்சியகம் என்ற பேச்சை எடுத்தால் போதும், கையில் இருக்கிற ஸ்க்ரூ டிரைவரை டங்கென்று மேசையில் போடுவார். "அந்தக் கதைய ஏன் கேக்கறீங்க?" என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் சொல்லத் தொடங்குவார். பாதியில் மூச்சு வாங்கி நிறுத்திவிடுவார். அதனால் தெருவில் முழுக் கதையும் தெரிந்தவர்கள் அண்ணியும் நானும்தான்.

நான் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவர் வார்னிஷ் அடித்தால் நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். நான் கண்ணாடி அறுத்தால் அவருக்குப் பல் கூசும். மற்றபடி எங்களுக்குள் ஒரு சண்டையும் வந்ததில்லை.

எரிந்த மோட்டாரைப் பிரித்தால் உள்ளே கருகிக் கிடக்கிற செம்புக் கம்பியை வெட்டி எடுக்க வேண்டும். அதைத் தெருமுனைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவார் அண்ணன். அந்தக் கடைக்காரருக்குத் தராசு என்று பெயர் வைத்துவிட்டோம். அவரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். ஒருநாள் அங்கே செம்புக் குவியலில் இருந்து ஒரு கறுத்த வில்லை உருண்டு வந்து அண்ணன் செருப்பில் மோதி நின்றிருக்கிறது. தேய்ந்த கோட்டுப் பொத்தான் மாதிரி இருந்ததாம். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தால் ஒரு மீன்.

"தராசு, இது என்னப்பா?"

"என்ன, செம்புதான். தூக்கிக் குவியல்ல போடு."

அண்ணன் போடவில்லை. அதோடு பிடித்தது அந்தப் பைத்தியம். நான் சொல்லவில்லை, அண்ணி சொல்கிற வார்த்தை அது. அதன் பிறகு குவியலில் அப்படி எது வந்தாலும் தராசு ஒரு பிஸ்கட் டப்பாவில் எடுத்து வைப்பார். பெரும்பாலும் நேற்றைய கால டோக்கன், வாஷர், பித்தளைப் பொத்தான் என்று வரும். எப்போதாவது ஒன்று நிஜமாகவே பழையதாக இருக்கும். காளை போட்டது, கதிர் விரித்த சூரியன் போட்டது, ஒன்றுமே தெரியாமல் நடுவில் குழி மட்டும் இருப்பது. அண்ணன் அந்தக் குழிக் காசையும் விடமாட்டார். "இவ்ளோ தேயணும்னா எத்தன கை மாறியிருக்கணும் பாரும்மா" என்று என் உள்ளங்கையில் வைப்பார். நான் சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டே, "ஆமாண்ணே" என்பேன். சத்தியமாகப் பார்த்திருக்க மாட்டேன்.

குதிரை வந்தது ஒரு மழைநாளில். தராசு டப்பாவைத் திறந்து காட்டியபோது அது காசு என்றே தெரியவில்லையாம். மண்ணும் துருவும் சேர்ந்த ஒரு கட்டி. "ஆசிட்ல ஒரு முக்கு முக்கித் தரட்டா? பளபளன்னு ஆயிடும்" என்றார் தராசு. அண்ணன் பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டார். பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, காசை அதில் போட்டு வேலை மேசையின் மூலையில் வைத்தார். தண்ணீர் கலங்கியதும் மாற்றுவார். மறுபடி கலங்கும், மறுபடி மாற்றுவார். நடுவில் அதை யாரோ வாடிக்கையாளர் குடிக்கத் தூக்கிவிட்டார் என்று ஒரு களேபரம் வேறு. மண் இளகியதும் மூங்கில் சீவலைக் கூராக்கி, ஊசி முனை அளவு ஊசி முனை அளவாக எடுத்தார். இரும்பு படக்கூடாது என்பார். கீறல் விழுந்தால் போச்சாம். அந்த மேல்தோல் உருவாக எத்தனையோ நூறு வருஷம் ஆகியிருக்கும், எடுப்பதற்கு ஒரு நிமிஷம் போதுமாம்.

அப்படி வெளியே வந்ததுதான் அந்தக் குதிரை. காசின் நிறம் கறுப்பு என்றும் சொல்ல முடியாது, பச்சை என்றும் சொல்ல முடியாது. மேடான இடமெல்லாம் புளியங்கொட்டைப் பளபளப்பு, பள்ளத்தில் மட்டும் பாசி நிறம். பிடரி மயிர் வரிசையாகப் புள்ளி புள்ளியாக இருக்கும். வயிறு தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. முன்னங்கால் ஒன்று தூக்கியிருக்கும். வலப்பக்கம் பார்த்து ஓடுகிற குதிரை. விளிம்பில் ஒரு வெடிப்பு, சரியாக மூக்குக்கு முன்னால். அதைத் தாண்டப் போகிற மாதிரியே இருக்கும்.

வீட்டில் அண்ணன் அதற்கு ஒரு தட்டு செய்தார். பலகையில் வட்டமாகக் குடைந்து, மோட்டாரில் கம்பிக்கு அடியில் வைக்கிற தடித்த லெதராய்டு தாளை வெட்டி மெத்தை போட்டு, அதில் குதிரை மேலே தெரிகிற மாதிரி வைத்தார். காலையில் கடைக்குக் கிளம்பும் முன்னால் சன்னலோரம் உட்காருவார். வெயில் இடப்பக்கமிருந்து சாய்வாக விழ வேண்டும். அப்போதுதான் தூக்கிய காலுக்கு அடியில் ஒரு நிழல் விழும். தட்டை லேசாக ஆட்டினால் நிழல் நகரும், கால் கீழே இறங்கி ஏறுகிற மாதிரி இருக்கும்.

"நீ வந்து பாரேன்."

"பாத்தாச்சு, பாத்தாச்சு. உங்க குதிரைக்குப் பசிக்குதாம். வரும்போது புல்லு வாங்கிட்டு வாங்க," என்று அண்ணி அடுப்படியில் இருந்தே பதில் சொல்லுவார்.

அண்ணி கெட்டவர் இல்லை. ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார். காலையில் அவருக்கும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆனால் இப்படித்தான் வருஷக்கணக்கில் போனது. தராசு எடையைத்தான் பார்ப்பார். நான் ஆணியைப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் காசைப் பார்த்துவிட்டு, "இதுக்கு இப்ப எவ்ளோ போகும்?" என்று கேட்பார்கள். அண்ணன் முகம் சுருங்கித் தட்டை மூடிவிடுவார். இவ்வளவு அழகான ஒன்றைத் தான் ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்பது அவருக்கு ஒரு உறுத்தலாகவே இருந்திருக்க வேண்டும்.

அதனால்தான் அருங்காட்சியகத்தில் புதிதாகக் காசுகளுக்கென்று ஒரு கூடம் திறக்கப்போகிறார்கள், பொதுமக்கள் தங்களிடம் இருப்பதைத் தரலாம் என்று கேள்விப்பட்டதும் அவருக்குத் தூக்கம் வரவில்லை. மீனைக் கொடுக்கலாம், காளையைக் கொடுக்கலாம் என்று அண்ணி சொல்லிப் பார்த்தார். "குடுக்கறதுன்னா நல்லதத்தான் குடுக்கணும்" என்று குதிரையைத்தான் எடுத்துக்கொண்டு போனார். எந்த மண், எந்தக் குவியல் என்று அங்கே ஒரு நாள் முழுக்கக் கேள்வி கேட்டு, கடைசியில் வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வந்தபோது கல்யாணத்துக்குப் பெண்ணை அனுப்பிவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். சிரிக்கவும் செய்தார், அடிக்கடி சட்டைப் பையைத் தொட்டும் பார்த்துக்கொண்டார்.

"இனிமே தினம் நூறு பேர் பாப்பாங்கம்மா," என்றார் என்னிடம். "குழந்தைங்கல்லாம் வரும். குதிரைன்னா குழந்தைங்களுக்குப் பிடிக்கும்."

கூடம் திறந்த முதல் வாரமே அண்ணன், அண்ணி, நான் மூவரும் கடையை அடைத்துவிட்டுப் போனோம். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டை. பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை, சட்டை கசங்கிவிடுமாம். உள்ளே நீளமான கூடம், இரண்டு பக்கமும் கண்ணாடிப் பெட்டிகள், மேலிருந்து வெள்ளை விளக்கு. அண்ணன் ஒவ்வொரு பெட்டியாக வேகமாகப் பார்த்துக்கொண்டே போனார். மூன்றாவது சுற்றில்தான் நான் கண்டுபிடித்தேன். காசைப் பார்த்து அல்ல, அட்டையில் "அன்பளிப்பு" என்று எழுதி அவர் பெயரையும் தொழிலையும் போட்டிருந்ததைப் பார்த்து.

"அண்ணே, இங்க."

ஓடிவந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"குதிரை எங்க?"

காசு அதேதான். விளிம்பில் அந்த வெடிப்புகூட இருந்தது. ஆனால் மேலே தெரிந்தது மறுபக்கம். அந்தப் பக்கத்தை நாங்கள் யாருமே பார்த்ததில்லை என்று சொல்லலாம். கோணல் மாணலாகச் சில கோடுகள், ஒரு வளைவு, ஒரு புள்ளி. குதிரை பெட்டியின் அடித்துணியில் முகம் புதைத்துக் குப்புறக் கிடந்தது.

"கவுத்து வெச்சிருக்காங்க," என்றார் அண்ணன். அவர் குரல் அப்படிப் போய் நான் கேட்டதே இல்லை.

கூடத்தில் ஒரு காவலாளி இருந்தார். வயதானவர், முழங்கால் வலி போலிருக்கிறது, ஒரு காலை மடக்கி மடக்கி நின்றார். அண்ணன் நேரே அவரிடம் போனார்.

"ஐயா, இந்தக் காசத் தப்பா வெச்சுட்டாங்க. கொஞ்சம் திருப்பி வெச்சுடுங்க."

"நானா? பெட்டிய வெளிய இருந்து துடைக்கத்தாங்க எனக்கு அனுமதி. உள்ள கைய விட்டா நாளைக்கு நான் இங்க நிக்க மாட்டேன்."

"அப்ப சாவி யார்கிட்ட?"

"இந்தக் கூடத்தக் கவனிக்கிற மேடம்கிட்ட."

"மேடம் எங்க?"

"பயிற்சிக்கு வெளியூர் போயிருக்காங்க. எப்ப வருவாங்கன்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது."

அங்கிருந்து தொடங்கியது. வார விடுமுறை வந்தால் போதும், அண்ணன் அருங்காட்சியகத்தில் இருப்பார். மேடம் வந்துவிட்டார்களா என்று கேட்பார். வந்திருந்தால் கூட்டத்தில் இருப்பார்கள். கூட்டத்தில் இல்லையென்றால் சாவி வேறொரு அலுவலகத்தில் இருக்கும். கேட்டுவிட்டுச் சும்மா வரமாட்டார். அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே நிற்பார். யாராவது வந்து குனிந்தால், "இதுக்கு அந்தப் பக்கம் ஒரு குதிர இருக்குங்க" என்பார். சிலர் "அப்படியா" என்பார்கள். சிலர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். ஒருமுறை காவலாளியே பொறுக்கமாட்டாமல், "ஐயா, நீங்க இங்க நின்னா என் வேலையா உங்க வேலையான்னு மத்தவங்களுக்குக் குழப்பமாயிடுது. அந்த நாற்காலில உக்காருங்களேன்" என்று தன் நாற்காலியைக் கொடுத்தாராம்.

கடையில் வேலை ஓடவில்லை. காயில் கட்டும்போது சுற்று எண்ணிக்கொண்டே போவது வழக்கம்; பாதியில் விட்டுவிட்டு, "எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்கதான? தல எது, வால் எதுன்னு தெரியாதா?" என்பார். எண்ணிக்கை போய்விடும். பிரித்து மறுபடி முதலிலிருந்து சுற்றுவார்.

ஒருவழியாக மேடம் திரும்பி வந்து, நேரம் கொடுத்தார்கள். அண்ணி என்னிடம், "நீ கூடப் போம்மா. நான் போனா அவரு பக்கம் பேசறதா, அந்தம்மா பக்கம் பேசறதான்னு தெரியாம முழிப்பேன்" என்றார். நான் போனேன்.

அந்த அதிகாரி நாங்கள் நினைத்த மாதிரி இல்லை. மேசை நிறையத் தாள்களும் காசுப் படங்களுமாக, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, மெதுவாகப் பேசுகிற பெண். அண்ணனைப் பார்த்ததும் எழுந்தே நின்றார்.

"உங்களப் பாக்கணும்னு நானே நெனச்சேன். உக்காருங்க. அந்தக் காச நீங்க ஆசிட் போட்டுப் பளபளப்பாக்காம விட்டீங்களே, அதுக்கே உங்களுக்கு நன்றி சொல்லணும்."

அண்ணன் கொண்டுவந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கணம் திணறினார். பிறகு, "அதெல்லாம் சரிங்க. ஆனா கவுத்து வெச்சுட்டீங்களே" என்றார்.

"கவுத்து வெக்கல. அதுதான் முக்கியமான பக்கம்."

அவர் பெரிதாக்கிய ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். அந்தக் கோணல் கோடுகள்தான். பென்சில் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். கோடு இல்லை, எழுத்து. சேர்த்துப் படித்தால் ஒரு ஆளின் பெயர். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு சின்னப் பகுதியை ஆண்டவனாக இருக்கலாம் என்றார். கல்லிலும் இல்லை, ஏட்டிலும் இல்லை, வேறெந்தக் காசிலும் இதுவரை கிடைக்கவில்லை. அப்படி ஒருவன் இருந்தான் என்பதற்கு இந்தக் காசு மட்டும்தான் சாட்சி.

"இதப் பாக்கறதுக்கு வெளியூர்ல இருந்தெல்லாம் ஆளுங்க கேட்டுட்டு இருக்காங்க," என்றார்.

அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் லெதராய்டு தாளில் முகம் அழுந்தக் கிடந்தது இந்தப் பெயர்தான். அவர் ஒரு நாளும் திருப்பி வைத்து இரண்டாம் முறை பார்க்கவில்லை. கீறல் என்று நினைத்திருந்தார். எனக்கே பாவமாக இருந்தது. இத்தோடு சமாதானமாகி எழுந்துவிடுவார் என்று நினைத்தேன்.

"சரிங்க, பேரு முக்கியம்தான்," என்றார் மெதுவாக. "ஆனா அதப் படிக்கத் தெரிஞ்சவங்க எத்தன பேருங்க வருவாங்க? குதிரன்னா எல்லாருக்கும் தெரியுமே."

"குதிர போட்ட காசு எங்ககிட்ட ஒரு அலமாரி நிறைய இருக்கு ஐயா."

"இந்தக் குதிர இல்லியே."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அண்ணனுக்கு வரவில்லை. மாதத்துக்கு ஒரு பக்கம் என்று மாற்றி மாற்றி வைக்கலாமே என்றார் அண்ணன். ஒவ்வொரு முறை கை படும்போதும் காசுக்கு ஆபத்து, பெட்டி திறக்க மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார்கள். நின்ற வாக்கில் வைக்கலாமே என்றார். விளிம்பு வெடித்திருக்கிறது, பிடிப்பு வைத்தால் உடையும் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணமும் சரியாகவும் இருந்தது. அதுதான் அண்ணனுக்குத் தாங்கவில்லை. தப்பு செய்தவர்களிடம் சண்டை போடலாம். இவரிடம் எதை வைத்துச் சண்டை போடுவது?

கடைசியில் குதிரைப் பக்கத்தைப் படம் எடுத்துக் காசுக்குப் பக்கத்தில் வைப்பதாக ஒப்புக்கொண்டார்கள். அண்ணன் பஸ்ஸில் திரும்பும்போது பாதி மனசோடு, "சரி, படமாவது இருக்கட்டும்" என்றார்.

படம் வைத்தார்கள். அண்ணன் பார்க்கப் போனார். மேலேயிருந்து நேராக வெளிச்சம் போட்டு எடுத்த படம். நிழலே இல்லை. வயிறு தட்டை, பிடரி தெரியவில்லை, தூக்கிய கால் ஏதோ அழுக்கு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் நிற்கும்போதே ஒரு குடும்பம் வந்தது. அம்மா கையைப் பிடித்திருந்த குழந்தை படத்தைப் பார்த்து, "நாய்!" என்றது. அம்மா அட்டையைப் படிக்காமலே, "ஆமா, நாய்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு அண்ணன் திரும்பி வந்ததும் தன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, என் கடையில் வந்து உட்கார்ந்துவிட்டார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

"நாயாம்," என்றார். "நாயின்னு சொல்லிட்டுப் போறாங்கம்மா. நான் மொதல்லயே தராசு கடையில விட்டிருந்தா உருக்கியாவது இருப்பான். ஒரே அடியா முடிஞ்சிருக்கும்."

"விடுங்கண்ணே."

"எப்படிம்மா விடறது?"

அவர் கண் என் கடைச் சுவரில் சாய்த்திருந்த கண்ணாடித் துண்டுகளின் மேல் போனது. ஒரு வாடிக்கையாளருக்காக முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை அன்றைக்குத்தான் அறுத்திருந்தேன். அண்ணன் எழுந்து போய் ஒரு சின்னத் துண்டை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு வாஷரை எடுத்து அதற்கு மேல் உயர்த்திப் பிடித்தார். வாஷரின் அடிப்பக்கம் கண்ணாடியில் தெரிந்தது.

"ஏம்மா," என்றார். முகத்தில் பல நாளைக்குப் பிறகு வெளிச்சம். "காச ஒரே ஒரு தடவ தூக்கி வெச்சா போதும். திருப்ப வேணாம். நாலு கால் வெச்ச ஒரு சின்ன கண்ணாடி மேசை, அதுமேல காசு, அடியில உன் கண்ணாடி. எழுத்து மேல, குதிர கீழ. ரெண்டும் தெரியும்!"

அதற்கு அதிகாரி சம்மதித்தார். சம்மதித்தது மட்டுமல்ல, நல்ல யோசனை என்றே சொன்னார். அவர்கள் தரப்பில் அனுமதி கிடைக்க வழக்கம்போல இழுத்தது. கிடைத்ததும் அளவு கேட்டு வந்து, கண்ணாடியை நானே அறுத்து, ஓரத்தை வழவழப்பாகத் தேய்த்துக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. எனக்கும் அதில் ஒரு பங்கு இருக்கட்டும் என்று நினைத்தேன். வைக்கும்போது அந்த அம்மா என்னிடம், "குதிரைதான் அடியில வரணும். எழுத்த அடியில வெச்சா கண்ணாடியில திரும்பிப்போயிடும், யாராலயும் படிக்க முடியாது" என்றார். எனக்குச் சரியென்றுதான் பட்டது. கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அண்ணனிடம் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

அடுத்த விடுமுறைக்கு அண்ணன் அண்ணியையும் கூட்டிக்கொண்டு வந்தார். நானும் போனேன். காவலாளி எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே கையை ஆட்டி, "வாங்க வாங்க, உங்க குதிர வெளிய வந்துடுச்சு" என்றார்.

அண்ணன் குனிந்தார். கண்ணாடியில் குதிரை தெளிவாகத் தெரிந்தது. பிடரிப் புள்ளிகள் தெரிந்தன, தூக்கிய கால் தெரிந்தது. ஓரத்து விளக்கு ஒன்று சாய்வாகப் பட்டு நிழல்கூட விழுந்திருந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அண்ணனைப் பார்த்தேன். அவர் தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார், பெட்டியைச் சுற்றி மறுபக்கம் போய்ப் பார்த்தார், திரும்பி வந்தார்.

"இடது பக்கம் ஓடுது," என்றார்.

"என்னது?"

"குதிர. வலப்பக்கம் ஓடற குதிர. இது இடது பக்கம் ஓடுது."

காவலாளி குனிந்து பார்த்தார். "ஓடுதா, அது போதாதா ஐயா?"

"திசை மாறிடுச்சுங்க! மூணு பேஸ் மோட்டார் இப்படித் தப்பா ஓடுனா ரெண்டு வயர மாத்திக் குடுத்து நேராக்கிடுவேன். இதுக்கு எந்த வயர மாத்துறது?" அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. காசு பார்க்க வந்த பத்துப் பேர் எங்களைப் பார்த்தார்கள். "எழுத்து திரும்பிடக் கூடாதுன்னு பாத்து வெக்கத் தெரிஞ்சுது இல்ல? குதிரன்னா எப்படி வேணா ஓடலாமா?"

இன்னொரு கண்ணாடியைச் சாய்வாக வைத்தால் திசை சரியாகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் மறுபடி மேடம், மறுபடி சாவி, மறுபடி அனுமதி. அண்ணி என் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்துகொண்டு கண்ணால் வேண்டாம் என்றார்.

பிறகு அண்ணி செய்தது எனக்கு மறக்கவில்லை. வீட்டில் குரல் உயர்த்தாதவர், அங்கே, அத்தனை பேர் நடுவில், "போதும் நிறுத்துங்க" என்றார். "அது இனிமே உங்க குதிர இல்லைங்க. குடுத்தாச்சு. குடுத்தப்புறம் அது இடது பக்கம் ஓடும், வலது பக்கம் ஓடும், படுத்துத் தூங்கும். உங்களுக்கு என்ன?"

அண்ணன் பெட்டியின் விளிம்பில் விரல் ரேகை படாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"குடுத்தது எல்லாரும் பாக்கணும்னுதான்," என்றார். "பாத்தா மட்டும் போதாதுன்னு இப்பதான் தெரியுது. நான் பாத்த மாதிரியே பாக்கணும்னு நெனச்சிருக்கேன். அது முடியாதுபோல."

அண்ணிக்குச் சும்மா நிற்க முடியவில்லை. கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெட்டிக்கு மேல் குனிந்தார். சமாதானப்படுத்தத்தான் குனிந்தார் என்று நினைக்கிறேன். ஆனால் சீக்கிரம் நிமிரவில்லை. துணிக்கடைக் கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

"ஏங்க, இதுக்குப் பின்னங்கால் ஒண்ணு கட்டையா இருக்கே?"

"கட்டையா? கட்டையெல்லாம் இல்ல."

"இருக்குங்க. அந்த உள்பக்கத்துக் கால். மத்தது குளம்பு வரைக்கும் இருக்கு, இது பாதியில நிக்குது."

"அது தேஞ்சிருக்கும்."

"தேஞ்சிருந்தா பக்கத்துல இருக்கறதும்ல தேஞ்சிருக்கணும்? செஞ்சவனே கட்டையாத்தான் வெட்டியிருக்கான். எடம் பத்தல அவனுக்கு."

"இத்தன வருஷமா தினம் பாத்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

"எழுத்து இருந்ததே தெரியல உங்களுக்கு."

அண்ணன் அவரைத் தள்ளாத குறையாகக் குனிந்து பார்த்தார். கண்ணாடிக்குள் குதிரை சின்னதாக, திரும்பிய பக்கமாகத் தெரிந்தது; அந்தப் பின்னங்கால் பாதியில் நிற்கிற இடத்தில் சரியாகக் காசின் நிழல் விழுந்து கிடந்தது. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் நிழலும் கூடவே இருந்தது. கையில் இருந்திருந்தால் ஒரு நொடியில் திருப்பிப் பார்த்துவிடலாம். படத்தைப் பார்த்தார், படத்தில் நாலு காலும் ஒரே சேறு.

"இல்ல," என்றார். ஆனால் முன்னிருந்த உறுதி குரலில் இல்லை.

பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வழி முழுக்க அந்தக் காலைப் பற்றியே சண்டை போட்டார்கள். நான் முன் இருக்கையில் இருந்தேன். "கட்டைதான்." "இல்லவே இல்ல." "கட்டை." இறங்குகிற இடம் வந்தும் இருவரும் எழவில்லை, நான்தான் தோளைத் தட்டிக் கிளப்பினேன்.

இப்போதும் அண்ணன் அருங்காட்சியகம் என்றால் எரிச்சல்தான் படுகிறார். திசை இன்னும் மாறவில்லை, படத்தையும் மாற்றவில்லை. போன விடுமுறைக்கு இருவரும் போயிருந்தார்கள். அண்ணன் காயில் முனை பார்க்கிற பெரிய லென்ஸைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். எப்படியாவது அன்றைக்கே அந்தக் கால் விஷயத்தைத் தீர்த்துவிட வேண்டும் என்று அண்ணியும், விடுமுறையிலும் திறந்திருந்த துணிக்கடையில் அரை நாள் லீவு போட்டிருந்தார். வாசலிலேயே பையைச் சோதித்து லென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்களாம்.